கவிதா கேஸ்

இந்தச் சேவுப் பொட்டலத்தை நீங்களே வச்சுக்கோங்கக்கா. நெசமாத்தான் சொல்றேன், எனக்கு வேணாம். கடையில வாங்குனது இல்ல, என் ஃப்ரெண்டு வீட்ல குடுத்துவிட்டது. குடுத்தது தப்புன்னு சொல்லல. ஆனா பொட்டலம் கட்டி யாருக்குக் குடுப்பாங்க? விருந்தாளிக்குத்தானே? மூணு வருஷம் என் தட்டுல கைய விட்டுத் தின்ன பிள்ளை, இன்னைக்கு எனக்குப் பொட்டலம் கட்டிக் குடுத்து, வாசல்ல நின்னு "பாத்துப் போ"ங்கிறா. அதான் பஸ் ஏறும்போதே கண்ணு கலங்கிருச்சு. நீங்க பாத்துட்டீங்க. பரவால்ல.

நீங்க மதுரைக்கா? நானும் மதுரைதான், அங்கருந்து திண்டுக்கல் போகணும். பெரியாஸ்பத்திரிக்கா போறீங்க? அப்ப மாட்டுத்தாவணியில இறங்கி டவுன் பஸ் பிடிக்கணும். நான் காட்டுறேன், கவலைப்படாதீங்க.

நான் கேக்குறது ஒண்ணே ஒண்ணுதாங்க்கா. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? அவளுக்குக் கல்யாணம் ஆன விஷயத்தை நான் எப்படித் தெரிஞ்சுக்கிட்டேன் தெரியுமா? கிளாஸ்ல ஒருத்தி போன்ல ஸ்டேட்டஸ் வச்சிருந்தா. அதுல மாரி மாலையும் கழுத்துமா நிக்கிறா. பக்கத்துல யாருன்னு பாத்தா, அவங்க அக்கா வீட்டுக்காரர். மாரீஸ்வரிக்கு நான் யாரு? ஒரே ரூம், ஒரே பெஞ்சு, ஒரே பக்கெட். அவ ஒரு வார்த்தை என்கிட்ட சொல்லல.

இன்னைக்கு நேர்ல கேட்டேன். "ஏன்டி என்கிட்ட சொல்லல?"ன்னு. அதுக்கு அவ சொல்றா, "சொன்னேன்டி"ன்னு. எப்பக்கா சொன்னா? எப்ப சொன்னா? பச்சைப் பொய்யி. மூஞ்சிக்கு நேரா நின்னு சொல்றா.

இருங்க, மொதல்லருந்து சொல்றேன். அப்பத்தான் உங்களுக்கு நியாயம் தெரியும்.

நாங்க ரெண்டு பேரும் மதுரையில பி.எஸ்ஸி. சைக்காலஜி. இப்பத்தான் முடிச்சேன். முடிச்சேன்னா, நான் முடிச்சேன், அவ முடிக்கல, அதான் வவுத்தெரிச்சல். சைக்காலஜின்னா உடனே எல்லாரும் "நான் மனசுல என்ன நினைக்கிறேன் சொல்லு பாப்போம்"பாங்க. எங்க சித்தப்பா இன்னும் என் முன்னாடி வந்தா எதையோ ஒளிச்சு வச்ச மாதிரிதான் நிப்பாரு. அப்படியெல்லாம் இல்லக்கா. மனுஷங்க பேசுறதை எப்படிக் காது குடுத்துக் கேக்குறதுன்னுதான் படிக்கிறோம். கேக்குறதுக்கு ஒரு படிப்பான்னு நினைப்பீங்க. அது அவ்ளோ லேசு இல்ல.

மாரி சாத்தூர்ப் பக்கம். ரொம்ப மெதுவாப் பேசுவா. ஒரு விஷயத்தை ஆரம்பிச்சான்னா இழுத்து இழுத்துச் சொல்லி முடிக்கிறதுக்குள்ள நமக்குப் பொறுமை போயிரும். அதனால அவ ஆரம்பிச்சா நான் முடிச்சு வச்சிருவேன். "ஜெஸி, ஊர்ல இருந்து அப்பா..."ம்பா. "பஸ்ஸுக்கு நேரமாச்சா, சரி கிளம்பு"ம்பேன். அந்த அளவுக்கு எங்களுக்குள்ள ஒத்துப்போகும். ரூம்ல ராத்திரி பூரா நான்தான் பேசுவேன், அவ உம்கொட்டிட்டே கேப்பா. அப்படி ஒரு ஃப்ரெண்டு கிடைக்கணும்னா குடுத்து வச்சிருக்கணும்.

போன மழைக்காலத்துல அவங்க அக்கா காளீஸ்வரி செத்துப்போச்சு. காய்ச்சல்னு படுத்த பிள்ளை எந்திரிக்கல. கைக்குழந்தை, அப்பத்தான் நடக்கப் பழகுது. எழவுக்கு எங்க கிளாஸே போயிருந்துச்சு. மாரி ஒரு சொட்டு அழல. அந்தப் பிள்ளையைத் தூக்கி இடுப்புல வச்சுக்கிட்டு, வர்றவங்களுக்கெல்லாம் காப்பி குடுத்துட்டு இருந்தா. நான் அப்பவே சொன்னேன், "இப்படி அடக்கி வைக்காதடி, அழுதுரு, அப்பத்தான் மனசு ஆறும், புக்குல படிச்சோம்ல"ன்னு. கூட இருந்து அவ்ளோ எடுத்துச் சொன்னவக்கா நான்.

அதுக்கப்புறம் வாராவாரம் ஊருக்குப் போக ஆரம்பிச்சா. பாப்பா அவளை விட்டா யார்கிட்டயும் தூங்க மாட்டேங்குதாம். நானும் தப்பா எடுத்துக்கல. ஞாயித்துக்கிழமை சினிமாவுக்கு நான் யார்கூடப் போறதுன்னு மட்டும் சண்டை போடுவேன். அது உரிமைச் சண்டை.

கடைசி செமஸ்டர்ல கவுன்சிலிங் பிராக்டிகல் வந்துச்சு. அதைச் சொன்னாத்தான் உங்களுக்குப் புரியும், நான் அவளுக்கு எவ்ளோ பண்ணியிருக்கேன்னு. பிராக்டிகல் எப்படின்னா, ரெண்டு நாற்காலி எதிரெதிரா போட்டிருப்பாங்க. ஒருத்தி கவுன்சிலர். இன்னொருத்தி க்ளையன்ட், அதாவது பிரச்சினையோட வர்றவ. சுத்தி கிளாஸ் பூரா உக்காந்திருக்கும். கால் மணி நேரம். கவுன்சிலருக்குத்தான் மார்க்கு. க்ளையன்ட் சும்மா நடிச்சாப் போதும்.

பிராக்டிகல் எடுக்குற வசுமதி மேடம் ஒரு விஷயத்துல ரொம்பக் கறார். க்ளையன்ட்டா வர்றவ சொந்தக் கதையைக் கொண்டு வரவே கூடாது. முன்னாடி ஒரு பேட்ச்சுல யாரோ ஒரு அக்கா சொந்தக் கதையைச் சொல்லப் போயி, அழுகை நிக்காம மயங்கி விழுந்து பெரிய ரகளையாயிருச்சாம். அதனால பேரு மாத்தி, ஊரு மாத்தி, தொழில் மாத்தி, புதுசா ஒரு ஆளை உருவாக்கிட்டு வரணும். அதைத்தான் நாங்க கேஸுன்னு சொல்லுவோம்.

என் க்ளையன்ட்டா வர யாரும் ஒத்துக்கல. மாரிதான் "நான் வர்றேன்"னா. எனக்குத் திக்குன்னுச்சு. ஏன்னா அவளுக்கு நடிப்பே வராது. ரெண்டாம் வருஷத்துல தூக்கம் வராத க்ளையன்ட்டா உக்காந்துட்டு நெசமாவே கொட்டாவி விட்டுருக்கா. எல்லாரும் சிரிச்சு, அவளும் சிரிச்சு, கூட உக்காந்தவளுக்கு மார்க் போச்சு. "எம் மார்க்கைக் கெடுத்துராத தாயே"ன்னு கும்பிட்டேன். "கெடுக்க மாட்டேன்டி"ன்னா.

அன்னைக்கு வந்து உக்காந்தா பாருங்க. நான் வணக்கம் சொல்லி, பேரு கேட்டேன். "கவிதா"ன்னா. டீச்சராம். கேஸ் என்னன்னா, ஒரு ஸ்கூல்ல ஒரு டீச்சர் திடீர்னு இல்லாமப் போயிட்டாங்க. அந்த இடத்துக்குக் கவிதாவைப் போகச் சொல்லி வீட்ல எல்லாரும் நெருக்குறாங்க. கவிதாவுக்கு வேற ஊர்ல மேல படிக்கணும்னு ஆசை. வேலை சம்பந்தமான மன அழுத்தம், எங்க சிலபஸ்லயே இருக்கு. நல்ல கேஸாத்தான் எடுத்திருக்கான்னு எனக்கு நிம்மதியாயிருச்சு.

"அவங்க உக்காந்த சேர்ல என்னை உக்காரச் சொல்றாங்க மேடம். அவங்க தட்டுல சாப்பிடச் சொல்றாங்க. அவங்க புடவை அப்படியே பீரோவுல இருக்கு, வீணாத்தானே போகுது, அதையே கட்டிக்கோங்கிறாங்க"ன்னா.

நான் அவ சொன்னதையே திருப்பிச் சொல்லணும். அதுதான் முறை. அட்வைஸ் பண்ணக் கூடாது, குறுக்க பேசக் கூடாது, "ஏன்"னு கேக்கக் கூடாது. "இன்னொருத்தங்க இடத்துல உங்களை வைக்கிறது உங்களுக்குக் கஷ்டமா இருக்கு"ன்னேன். மேடம் பேனா ஓடுது. எனக்கு ஓரக்கண்ணுல தெரியுது.

"ஆமா. ஒரு சின்னப் பிள்ளை இருக்கு. அது பழைய டீச்சரைத் தேடி வந்து என் முந்தானையைப் பிடிச்சு மோந்து பாக்குது. வாசம் வேறன்னு தெரிஞ்சு அழுகுது. அந்தப் பிள்ளைக்காக மட்டும்னா நான் போயிருவேன். ஆனா அந்த ஹெட்மாஸ்டர்... நல்ல மனுஷந்தான். நான் பாவாடை சட்டை போட்ட காலத்துல இருந்து அண்ணன் மாதிரி பாத்துட்டேன். இப்ப அவர் முகத்தைப் பாக்கவே எனக்குக் கூசுது"ன்னா.

அவ சொல்லும்போது அழுதாக்கா. நெசமா கண்ணீர் வந்துச்சு. கொட்டாவி விட்ட பிள்ளை! பின்னாடி யாரோ "செமயா நடிக்கிறாடி"ன்னு சொன்னது என் காதுல விழுந்துச்சு. எனக்கு அவ்ளோ சந்தோஷம். எனக்காக, என் மார்க்குக்காக இவ்ளோ தயார் பண்ணிட்டு வந்திருக்கான்னு. நான் டிஷ்யூ பெட்டியை அவ பக்கம் நகத்தி வச்சேன். அதுக்குத் தனியா மார்க் உண்டு.

கால் மணி நேரம் முடியப் போகுது. அவ என் கையைப் பிடிச்சுக்கிட்டா. "நீங்க ஏதாவது பண்ண முடியுமா?"ன்னு கேட்டா.

இந்த இடத்துலதான் முக்கால்வாசிப் பேரு கவுந்துருவாங்க. உடனே "பண்றேங்க"ன்னு வாயை விட்டுருவாங்க. நான் விடல. கையை மெல்ல விலக்கிட்டு, குரலை அப்படியே தாழ்த்தி, "நான் ஏதாவது பண்ணணும்னு நீங்க எதிர்பாக்குறீங்க"ன்னு சொன்னேன். அவ்ளோதான். அப்புறம் அமைதியா இருந்தேன். அமைதியும் ஒரு திறமைன்னு மேடம் சொல்லிக் குடுத்திருக்காங்க. அவ என்னையே பாத்துட்டு இருந்தா. மணி அடிச்சுருச்சு. "இன்னைக்கு இதோட நிறுத்திக்குவோம் கவிதா, அடுத்த வாரம் சந்திப்போம்"னு முறையா முடிச்சேன்.

இருபத்தஞ்சுக்கு இருபத்திநாலு! டிபார்ட்மென்ட்லயே நான்தான் டாப். "ஒரு இடத்துலகூட ஜெஸிந்தா தன்னை நுழைக்கல"ன்னு மேடம் கிளாஸ்ல சொன்னாங்க. அந்த மார்க்கை வச்சுத்தான் இப்ப எம்.எஸ்ஸி.க்கு இடம் கிடைச்சிருக்கு.

சாயந்தரம் கேண்டீன்ல அவளுக்கு முட்டை போண்டா வாங்கிக் குடுத்தேன். அவ சாப்பிடவே இல்ல, பிச்சுப் பிச்சுப் போட்டுட்டு இருந்தா. "கவிதாவைப் பத்தி நீ என்ன நினைக்கிற ஜெஸி?"ன்னா. ஒளிவு மறைவு இல்லாம சொன்னேன். "நல்லா பண்ணுன, ஆனா கேஸ் அங்கங்க இடிக்குதுடி. டீச்சர் வேலைக்குப் போறவ எதுக்குச் செத்தவ புடவையைக் கட்டணும்? ஹெட்மாஸ்டர் எதுக்கு அண்ணன் மாதிரி இருக்கணும்? மேடம் கண்டுபிடிச்சிருந்தா எனக்கு இன்னும் மார்க் குறைஞ்சிருக்கும். அடுத்த தடவை லாஜிக் பாத்துக்கோ"ன்னேன்.

"சரி, பாத்துக்கிறேன்"னா.

அப்புறம் "கவிதா என்ன பண்ணுவான்னு நினைக்கிற?"ன்னு கேட்டா. நான் சிரிச்சுட்டேன். "கவிதா கதை முடிஞ்சுபோச்சுடி, அதான் மார்க் வந்துருச்சுல்ல"ன்னேன்.

அந்த வாரக் கடைசியில ஊருக்குப் போனா. போனவதான். போன் எடுக்கல. பரீட்சைக்கு வரல. ஹாஸ்டல்ல அவ பெட்டியை எடுக்க அவங்க அப்பா வந்தாரு, என் முகத்தைப் பாக்காமலே கட்டி எடுத்துட்டுப் போனாரு. அப்புறம் அந்த ஸ்டேட்டஸ். நான் எப்படி இருந்திருப்பேன்னு நினைச்சுப் பாருங்க. அழுதேன், சாப்பிடல, பரீட்சை எழுதும்போது பக்கத்துப் பெஞ்சு காலியா இருக்கு, அதையே பாத்துட்டு இருந்தேன். கோவம். இப்படி ஒரு கல்யாணத்துல உனக்கு விருப்பம் இல்லேன்னா ஒரு வார்த்தை சொல்லுடி. நான் மேடம்கிட்ட சொல்லியிருப்பேன். எங்க அப்பாவைக் கூட்டிட்டு உங்க வீட்டுக்கே வந்திருப்பேன். எங்க வீட்ல கொண்டு வந்து வச்சிருப்பேன். எதுவும் சொல்லாம இருந்துட்டா, நான் என்ன ஜோசியமா பாக்க முடியும்?

என்னக்கா? ஏதோ சொல்ல வந்தீங்க. உங்க வீட்டுக்காரரா? ம்... இருங்க, இதை முடிச்சிர்றேன், இன்னும் கொஞ்சந்தான்.

இன்னைக்குப் போனேன். மனசு கேக்கல. விட்டுப்போன பரீட்சையை எழுத வைக்கலாம்னு எல்லாம் விசாரிச்சு வச்சுக்கிட்டுத்தான் போனேன். வீட்ல அவரு இல்ல. மாமியார் மட்டும் நடையில உக்காந்து வெங்காயம் உரிக்குது. என்னைப் பாத்துட்டு உள்ள திரும்பி, "ஏ காளி, யாரோ வந்திருக்காக பாரு"ன்னுச்சு. காளி செத்துப்போன அக்கா பேரு. கெழவிக்கு வாயில அந்தப் பேருதான் வருது போல. இவளும் "வர்றேன்"னு வந்து நிக்கிறா.

ஊதாப் புடவை கட்டியிருந்தா. அந்தப் புடவையை எனக்குத் தெரியும். அவங்க அக்கா வளைகாப்பு போட்டோ எங்க ரூம் செவுத்துல ஒட்டியிருந்துச்சு. அதுல அந்த அக்கா கட்டியிருந்ததுதான்.

என்னைப் பாத்து சிரிச்சா. காப்பி குடுத்தா. நான் விடல, மாமியா காதுல விழுந்தாலும் பரவால்லன்னு கேட்டுட்டேன். "ஏன்டி என்கிட்ட சொல்லல? நான் உனக்கு யாருமே இல்லையா?" அவ கோவப்படலக்கா. ரொம்ப சாதாரணமா, "சொன்னேன்டி. அன்னைக்கு ஒருநாள்தான் நீ குறுக்க பேசாமக் கேட்ட. ரொம்ப நல்லாக் கேட்ட"ன்னா.

எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். நான் எப்ப குறுக்க பேசாமக் கேட்டேன்? என் ஜென்மத்துல நான் அப்படி இருந்ததே கெடையாது! நீ எதையாவது சொல்லித் தப்பிக்காதன்னு கத்தப் போனேன். அதுக்குள்ள உள்ள தூங்கிட்டு இருந்த பாப்பா எந்திரிச்சு வந்துருச்சு. தள்ளாடித் தள்ளாடி வந்து, இவ முந்தானையைப் பிடிச்சு இழுத்து, மூஞ்சிய அதுல வச்சு, அப்படியே மோந்து...

மோந்து பாத்துச்சுக்கா.

இருங்க. ஒரு நிமிஷம்.

இல்ல. அது ரோல் ப்ளேக்கா. அது நடிப்பு. மேடந்தான் சொன்னாங்களே, சொந்தக் கதையைக் கொண்டு வரக் கூடாதுன்னு. பேரு மாத்தி, ஊரு மாத்தி... கவிதா டீச்சரு. டீச்சருக்கு எதுக்குப் புடவைன்னு நானே அவகிட்ட கேட்டேனே. நானே கேட்டேன்க்கா, இடிக்குதுன்னு. போண்டாவைத் தின்னுட்டே கேட்டேன். அவ முகத்தைப் பாத்துட்டேதான் கேட்டேன்.

என் கையைப் பிடிச்சாக்கா. ஏதாவது பண்ண முடியுமான்னு கேட்டா. நான் கையை எடுத்துக்கிட்டேன். கிளாஸ் பூரா உக்காந்து பாத்துட்டு இருந்துச்சு, ஒருத்திகூட... மேடங்கூட... ஆனா அவங்க எல்லாம் அவகூட ஒரே ரூம்ல படுத்து எந்திரிக்கலையே. நான்தானே இருந்தேன். அவ எங்கிட்டத்தானே சொல்ல வந்தா. ரூம்ல சொன்னா நான் முடிச்சு வச்சிருவேன்னு, நான் வாயை மூடிட்டு இருக்க வேண்டிய ஒரே இடமாப் பாத்து வந்து சொல்லியிருக்கா. பாவி, அதுக்கும் நான் மார்க்கு வாங்கிட்டேனே.

இது எந்த இடம்? கப்பலூர் டோல்கேட்டா? திருமங்கலம் தாண்டிட்டோமா? நான் இறங்கித் திரும்பிப் போயிரவாக்கா? போயி என்னன்னு சொல்லுவேன்? இப்பப் புரிஞ்சிருச்சுடின்னு சொல்லவா? அவ அதுக்கும் சிரிச்சுட்டு, காப்பி போட்டுக் குடுப்பா. பாப்பா அவ இடுப்புல இருக்கும். அந்தப் பிள்ளை அழுகலக்கா இன்னைக்கு. மோந்து பாத்துட்டு, அப்படியே அவ மேல சாஞ்சுக்கிச்சு. அதுக்கு அந்த வாசம் பழகிப்போச்சு போல. ஐயோ, என் மாரி.

இல்லக்கா, தண்ணி வேணாம். நீங்க குடிங்க. உங்க கை ஏன் இப்படிச் சில்லுன்னு இருக்கு?

அக்கா, நீங்க பெரியாஸ்பத்திரிக்குன்னு சொன்னீங்கள்ல. சாத்தூர்லயே சொன்னீங்க. நான் டவுன் பஸ்ஸைப் பத்திப் பேசிட்டு விட்டுட்டேன். நடுவுல உங்க வீட்டுக்காரர்னு ஏதோ சொல்ல வந்தீங்க, அதுக்கும் இருங்கன்னுட்டேன். அவருக்கு என்னக்கா? எந்த வார்டு? உங்ககூட வேற யாரும் வரலையா?

நான் திண்டுக்கலுக்கு நாளைக்குக்கூடப் போய்க்குவேன். கூட வரவா?